ரிப்பேர் மகாத்மியம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் தூரம். பள்ளிக்கூடம் நடக்கும் நாளெல்லாம் அந்தத் தூரத்தைப் போக ஒரு தடவையும் வர ஒரு தடவையும் கடக்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இதில் ஒரு லாபமும் உண்டு. மோட்டார் வாகனங்களின் சரித்திரம் முழுவதையும் டிக்கட் வாங்காமலே பார்த்துவிடலாம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமந்து செல்லும் டிராக்டர் முக்கி முனகிக்கொண்டு போகும். விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியில், கண்ணாடியில் ஒட்டிய சீட்டின் உபயத்தால் காசை எண்ணிக் கொடுக்காமலே புத்தம் புதிய கார் ஒன்று நழுவிச் செல்லும். கூட்டேரிப்பட்டுச் சாலைப் பிரிவில் மயிலத்துக்குத் திரும்பக் காத்து நிற்கும் ஒரு வேன். அதன் பக்கத்தில் புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு மூட்டை மணிலாக்கொட்டை ஆகிய ஐவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு டி.வி.எஸ். மொபெட். (மூட்டையையும் ஓர் ஆளாகக் கணக்கிடுவதே நியாயம், இடத்தை அதிகமாக அடைப்பது அதுதான்.) இவ்வளவுக்கும் நடுவே, நமது தகப்பனார் 1986-ஆம் வருஷத்தில் வாங்கிய புல்லட்டின் மீது நாம் வீற்றிருப்போம். சில சமயங்களில் அதன் பக்கத்தில் சாலையோரமாகக் குந்தியிருப்பதும் உண்டு.

அப்படிக் குந்தியிருக்கும்போது நம்மைக் கடந்து போகிறவர்கள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதியார் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "இன்னா வருஷத்து மாடல் சார்? குடுக்கறதா இருந்தா சொல்லுங்க" என்பார்கள். மற்றொரு ஜாதியார் வேகத்தைக் குறைக்காமலே, "இன்னும் இதையா சார் ஓட்டறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறைந்துவிடுவார்கள். நமது சகதர்மிணி இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தவள். "ஞாயித்துக்கிழமையானா அதுக்கு அபிஷேகம், ஆராதனை, நைவேத்தியம் எல்லாம் நடக்குது. பட்டனைத் தொட்டாக் கிளம்பற வண்டி ஊரெல்லாம் வந்தாச்சு. நீங்க இன்னும் உதைச்சுக்கிட்டே இருங்க" என்பது அவளுடைய தீர்ப்பு.

பழைய வண்டியைத் தானே பழுது பார்த்து ஓட்டுவது மேலா, புது வண்டி வாங்கிக் கவலையின்றி இருப்பது மேலா என்ற இந்த வழக்கு நம் வீட்டில் மட்டும் நடப்பதன்று. வாசகர்களில் பலருடைய வீட்டுத் திண்ணையிலும் இது நடந்துகொண்டிருக்கும். ஆகவே இரு கட்சியையும் சற்று விசாரித்துப் பார்க்கலாம் என்று எண்ணினோம்.

முதலில் எதிர்க் கட்சியின் வாதத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். அது பலமான வாதம். நமது புல்லட்டின் பிரேக் பிறந்த காலத்தில் திண்டிவனம் சாலை இரண்டு பக்கமும் புளியமரம் நின்ற சாதாரணச் சாலை. இன்று அதே சாலையில் லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கின்றன. முன்னே போகும் லாரி திடீரென்று நின்றால், டிரம் பிரேக்கை நம்பியவன் பிரார்த்தனையையும் சேர்த்து நம்பவேண்டியிருக்கிறது. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், சிறிய வண்டிகளுக்கு, ஒன்றைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமலிருக்க இவை செய்யும் உதவி கொஞ்சமல்ல. மழை நாளில் அந்த உதவிக்கு எவ்வளவு பெருங்காயம் ஸ்பானரும் ஈடாகாது.

புகை விஷயமும் அப்படித்தான். 2020-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி தேசம் முழுவதும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் விதி அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது வண்டியின் புகைக் குழாயில் மாசைச் சுட்டு மாற்றும் ரசாயன அறை ஒன்று இருக்கிறது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியோ எண்ணெயையும் பெட்ரோலையும் சேர்த்துக் குடித்து, அரைகுறையாக எரித்து, பின்னால் வருகிறவர் முகத்தில் துப்பும். நாலு ரோட்டுச் சந்திப்பில் காவல் பார்க்கும் கான்ஸ்டபிளின் நுரையீரலை நினைத்தால், பழைய வண்டிகளுக்குக் காவியம் பாட நமக்கு நா எழவில்லை.

நிற்க. நம்முடைய கட்சிக்கு வருவோம்.

நமது புல்லட்டின் வலது பக்கத்தில் சிறிய வட்ட மூடி ஒன்று உண்டு. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே பாயிண்ட் என்று சொல்லும் இரண்டு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் பிரிந்துகொண்டும் இருக்கும். அவை பிரியும் அந்தக் கணத்தில் காயிலில் மின்சாரம் அறுபட்டு, பிளக்கின் நுனியில் பொறி தெறிக்கிறது. பெட்ரோல் எரிகிறது, வண்டி ஓடுகிறது. முனைகள் பிரியும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். பிரியும் கணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில் ஒரு துண்டை முனைகளுக்கு நடுவே செருகி, லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, யந்திரத்தை மெள்ளச் சுழற்றவேண்டும். பிடி விட்டுத் தாள் நழுவும் இடம்தான் பொறி தெறிக்கும் இடம். உலகம் முழுவதும் பட்டறைக்காரர்கள் இந்த உபாயத்தைத்தான் கையாண்டு வந்தார்கள். நமது தகப்பனார் இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தபோது நமக்கு வயது பதினொன்று. பிற்காலத்தில் கல்லூரியில் மின்காந்தத் தூண்டல் என்று பெரிய பெயரோடு அதே சமாசாரத்தைக் கரும்பலகையில் எழுதினார்கள். அட, இது நம் வீட்டுத் திண்ணையில் கிடந்த விஷயமல்லவா என்று நினைத்துக்கொண்டோம். பௌதிகம் படிக்கலாம் என்ற ஆசை வந்ததே அங்கேதான்.

இது ஏதோ வாத்தியார் ஒருவருடைய தனி அநுபவம் என்று எண்ணவேண்டாம். 1893-இல் பிறந்த கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை அதிகம் கண்டவரல்லர். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிப் பார்த்ததுதான் அவருடைய சர்வகலாசாலை. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர், பின்னால் பெரிய பஸ் ஸ்தாபனமும் யந்திரத் தொழிற்சாலைகளும் நிறுவினார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது நம் மாகாணத்தில் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு ஓட்டினார்கள். மேட்டில் ஏற மறுத்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான். என்றாலும் பஸ் ஓடிற்று. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்ததால் ஓடிற்று.

நமது புல்லட்டின் ஜாதகமே இதற்கு இன்னொரு சாட்சி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டி அது. 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் அதைச் செய்ய ஆரம்பித்தது. 1970-ஐ ஒட்டித் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் பட்டறைச் சத்தம் ஓயவில்லை. 1977-இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதியாயிற்று! கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்றால் இதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆகவே பழையதே மேல்" என்று தீர்ப்புக் கூறிவிட்டால் நம் வீட்டில் அன்று சாப்பாடு கிடைக்காது என்பது ஒரு புறமிருக்க, அந்தத் தீர்ப்பு நியாயமும் ஆகாது. உண்மையான வழக்கு வேறே இடத்தில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். அதை எதிர்வீட்டு நண்பரின் கார் நமக்குத் தெரிவித்தது.

நண்பருக்கு வங்கியில் உத்தியோகம். தவணையில் ஒரு புதுக் கார் வாங்கினார். சென்ற ஐப்பசி அடைமழையில் எலி ஒன்று அந்தக் காருக்குள் குடிபுகுந்து, ஒரு கொத்து ஒயரைப் பலகாரம் செய்துவிட்டது. காலையில் சாவியைத் திருகினால் விளக்குகள் எல்லாம் தீபாராதனை போல் எரிகின்றனவே தவிர, வண்டி அசையவில்லை. திண்டிவனத்தில் நமது புல்லட்டுக்குக் குலகுருவாக விளங்கும் பாய் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷப் பட்டறை. அவரை வரவழைத்தோம். பார்த்த கால் மணி நேரத்தில் எலியின் கைங்கரியத்தைக் கண்டுபிடித்து, ஒயரை ஒட்டிக் கட்டி முடித்தார். ஆனாலும் கார் கிளம்பவில்லை.

"பொட்டி போயிருச்சு சார். ஒயரு ஒண்ணோட ஒண்ணு முட்டினதுல எரிஞ்சிருக்கு" என்றார் பாய்.

"புதுப் பெட்டி வாங்கிப் போட்டுவிட்டால்?" என்று கேட்டார் நண்பர்.

"நான் போடுவேன் சார். நாலு போல்ட்டு, ரெண்டு சாக்கெட்டு, அவ்ளோதான் வேலை. ஆனா புதுப் பொட்டிய இந்த வண்டி ஏத்துக்காது. இது உன் பொட்டிதான்னு கம்பூட்டர் வெச்சு அதுக்குச் சொல்லணும். அந்தக் கம்பூட்டரு கம்பெனிக்காரங்க கிட்டதான் இருக்கு."

அதாவது, பெட்டிக்கும் வண்டிக்கும் விவாகம் செய்து வைக்கப் புரோகிதர் வேண்டும். புரோகிதரோ கம்பெனிச் சம்பளத்தில் இருக்கிறார். வேறு வழியின்றிக் காரைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாளும் நண்பருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியும் செலவாயின. பாய்க்கு நண்பர் முந்நூறு ரூபாய் கொடுக்கப் போனார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "வண்டி கிளம்பலியே சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷத்தில் தாம் திறந்த ஒரு வண்டியைக் கிளப்பாமல் அவர் திரும்பியதை நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெட்டி எதற்காக இருக்கிறது என்று கேட்டால் அதற்கு நியாயமான காரணம் உண்டு. முன்னே சொன்ன மாசு மாற்றும் அறை ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற கணக்குத் தவறாமல் இருக்கவேண்டும். நமது பழைய கார்புரேட்டர் ஒரு திருகாணியின் தயவில் ஓடுவது; வெயிலுக்கு ஒரு கணக்கு, பனிக்கு ஒரு கணக்கு. புது வண்டியில் புகைக் குழாயிலுள்ள உணர்கருவி பிராணவாயுவை மோந்து பார்த்துச் செய்தி அனுப்ப, பெட்டி அதைப் படித்து, கணத்துக்குக் கணம் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பீய்ச்சச் செய்கிறது. கார்களுக்கு வெகு நாளாகவே இருந்த இந்த ஏற்பாடு 2020-க்குப் பிறகு இருசக்கர வண்டிகளுக்கும் இறங்கி வந்துவிட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது அதைப் பிரித்துப் பூட்ட ஒரு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் போதும். அதன் வம்சத்தில் வந்த எக்ஸ்.எல். 100-க்கும் இப்போது பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும் பெட்டி உண்டு. மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றும் வண்டிக்கும் மூளை வந்துவிட்டது, நல்லதுதான்.

ஆனால் பெட்டி இருப்பது வேறு, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கம்பெனி இடுப்பில் செருகிக்கொள்வது வேறு. முன்னதைச் செய்தது விஞ்ஞானம். பின்னதைச் செய்தது வியாபாரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "புது வண்டி என்றாலே அப்படித்தான், ஐயா" என்று நம்மிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இது நமது கற்பனைக் குற்றச்சாட்டு அன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ஆம் தேதி ஒரு தீர்ப்புக் கூறிற்று. நம் தேசத்தில் கார் விற்கும் 14 கம்பெனிகள், உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமலும், பழுது கண்டறியும் கருவிகளையும் விளக்கப் புத்தகங்களையும் வெளிப் பட்டறைக்காரர்களுக்குக் கொடுக்காமலும் செய்திருக்கின்றன என்று கண்டு, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளியே கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? வழக்கு மேல் மன்றங்களுக்கு ஏறிற்று. உத்தரவு அச்சாகி இத்தனை வருஷம் ஆனபிறகும் எதிர்வீட்டுக் கார் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டியிருந்தது.

அயல் நாட்டார் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் மாஸசூஸட்ஸ் ராஜ்யத்தில் 2012-இல் இந்த விஷயத்தை ஜனங்களின் வாக்குக்கே விட்டார்கள். கம்பெனிப் பட்டறைக்குக் கிடைக்கும் விவரம் தெருப் பட்டறைக்கும் கிடைக்கவேண்டும் என்று ஜனங்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். 2014-இல் கார்க் கம்பெனிகள் அதைத் தேசம் முழுவதுக்கும் ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்துகொண்டன. ஐரோப்பாவில் 2007-ஆம் வருஷத்து விதியிலேயே இது இருக்கிறது. அங்கெல்லாம் புது வண்டிகளின் மூளை கெட்டுப்போய்விடவில்லை, கம்பெனிகளும் திவாலாகிவிடவில்லை. நம் தேசத்திலும் 2022-ஆம் வருஷம் ஜூலையில் நுகர்வோர் விவகார இலாகா, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனங்களையும் விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷம் டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையத் தளமும் திறந்தார்கள். நாம் அதில் சென்று பார்த்தோம். கம்பெனிகளின் வாடிக்கையாளர் தொலைபேசி எண்களைக் கண்டோம். பாய்க்கு வேண்டியது அதுவல்ல.

இது இப்படியிருக்க, பழைய வண்டிக்காரன் பாடும் லேசாக இல்லை. நமது புல்லட்டுக்குப் பதினைந்து வயது நிரம்பியது முதல் ஐந்து வருஷத்துக்கொரு தடவை பதிவைப் புதுப்பித்து வருகிறோம். 2021-இல் அதற்கு 300 ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரலிலிருந்து அது மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாயாகவும், காருக்கு 600-லிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி: இருபது வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2,000, காருக்கு 10,000. புகையைக் குறைக்கவேண்டும் என்ற நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. வாரம் ஒரு தடவை கடைத் தெருவுக்குப் போய்வரும் வண்டியும், நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும் ஒரே வயது என்பதற்காக ஒரே கட்டணம் கட்டுவதுதான் நமக்குப் புரியவில்லை. வயதைப் பார்க்கிறார்கள், புகையைப் பார்ப்பதில்லை. நமக்கு 2,000 ரூபாய் ஒரு தொகை. கூட்டேரிப்பட்டில் நாம் பார்த்த அந்த மொபெட்டின் சொந்தக்காரருக்கு அது ஒரு வாரத்துச் சோறு. அவர் பதிவைப் புதுப்பிக்காமலே ஓட்டுவார். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும்.

பழைய வண்டியும் ஓட்டுகிறவனுக்குப் பாரம், புது வண்டியும் திறக்க முடியாத பெட்டி என்று ஆகிவிட்டால் நடுவில் நசுங்கப் போகிறவர்கள் யார்? பாய் போன்றவர்கள்தான். திண்டிவனம் மேம்பாலத்தைச் சுற்றிலும், விழுப்புரத்தில் புது பஸ் நிலையத்துக்கு எதிரிலும், கையில் கிரீஸ் அப்பிய மனிதர்கள் எத்தனை பேர்! பள்ளிக்கூடத்தில் நம்மிடம் கணக்கில் பெயில் ஆகிவிட்டு, பட்டறையில் வால்வு இடைவெளியைத் துளி பிசகாமல் வைக்கும் பையன்களை நாம் அறிவோம். ராத்திரி பதினோரு மணிக்கு நடுச் சாலையில் வண்டி நின்றவனுக்கு அவர்களைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. கம்பெனிப் பட்டறை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

பாயின் குமாரன் ஐ.டி.ஐ. படித்தவன். எலி விவகாரத்துக்குப் பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. திண்டிவனத்துப் பட்டறைக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் போட்டு, பழுது கண்டறியும் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறான். அநேகக் கார்களின் யந்திரக் கோளாறுகளை அது படித்துச் சொல்லிவிடுகிறது. பெட்டிக்கும் வண்டிக்கும் விவாகம் செய்து வைக்கும் வித்தை மட்டும் சில கம்பெனிகளின் வண்டிகளில் அதற்குக் கைவரவில்லை. கருவியில் வரும் குறிப்பெல்லாம் இங்கிலீஷில் இருப்பதால், சந்தேகம் வந்தால் பையன் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நம்மிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு போகிறான். "ஆக்ஸிஜன் சென்ஸார், பேங்க் ஒண்ணு" என்றால் என்ன என்று போன வாரம் கேட்டான். பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் கூடவே நின்று கேட்டார்கள்.

கருவி நாலு பட்டறைக்கும் பொது. திங்கள், செவ்வாய் பாயிடம். புதன் முதல் சனி வரையில் மற்ற மூவரிடமும் முறை வைத்துச் சுற்றுகிறது. அந்தப் பக்கத்து வாசகர்கள் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால், புதுச்சேரிக்கு இழுத்துச் செல்லு முன் கிழமையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.